முப்பத்தேழாம் பை

ஓடை மணலைச் சலிப்பதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும், ஐயா. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். மணல் உரச உரசத் தங்கம் கண்ணுக்குத் தெரியாமல் தேயும். அந்தத் துகள் ஆய்வுக்கூடத்தில் மலையின் தங்கம்போல வந்து நிற்கும்.

எங்கள் வேலை எளிமையானது. மழை மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து ஓடையில் சேர்க்கிறது. ஓடையின் நுண்மணலில் டாண்டலம் போன்ற அரிய உலோகம் தெரிந்தால், நீரோட்டத்தை எதிர்த்து மேலே நடப்போம். இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில் இரண்டிலும் ஒரு பை மணல்; எதில் அளவு கூடுதலோ அந்த வழி. அப்படி மூன்று வருடம் நடந்தேன். முப்பத்தாறு பைகள். அளவு ஏறிக்கொண்டே வந்தது.

என் தங்கையின் கணவர்தான் உடன் வந்தார். அன்று காலை, கரையில் ஒரு கறுப்பு மேட்டைக் காலால் கிளறினார்.

"மச்சான், இது வெள்ளீயம் உருக்கின பழைய கசடு. நம்ம டாண்டலம் இதுலேருந்துதான் வருது. மூணு வருஷமா ஒரு குப்பைமேட்டைத் தொரத்திட்டு வந்திருக்கோம்," என்று சிரித்தார்.

"மேட்டைத் தாண்டி ஓடைல மேல போய் ஒரு பை எடுத்துப் பாத்துடலாம், மாப்ள."

"எடுக்கலாம். வெறும் மணல்தான் வரும். இன்னிக்கே ரிப்போர்ட்ல எழுதிடுறேன்."

மேலே போய் மணலை அள்ளி வாளியில் போட்டார். கைகழுவக் குனிந்தார். அங்கே முழங்கால் ஆழம்தான். பிடரியைப் பிடித்து அழுத்தினேன். அதிக நேரம் ஆகவில்லை. அவர் கை என் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. இப்போதும் குழாயைத் திறந்தால் அந்தப் பிடி இறுகுகிறது.

வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கில்லை. அந்த மணலை நானே சலித்தேன். கீழிருந்து வேறு மணல் அள்ளிப்போட்டு ஏமாற்றியிருக்கலாம், செய்யவில்லை. பையில் முப்பத்தேழு என்று எழுதி, சலித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். வேலை முடித்துத் திரும்பும்போது வழுக்கி விழுந்தார் என்றேன். எல்லாரும் நம்பினார்கள்.

ஆய்வுக்கூடத்தில் இயந்திரத்தைப் பார்ப்பவள் என் தங்கை. வேலைக்குத் திரும்பியதும் அந்தப் பையைத்தான் முதலில் எடுத்தாள்.

"அண்ணா, இதுல தங்கம் காட்டுது. வேற ஒரு பையிலயும் இல்ல. அவர் மோதிரம் கழுத்துக் கயித்துலதான் இருந்துச்சு, உடம்புலேருந்து அப்படியே கழட்டிக் குடுத்தாங்க." என் விரலைப் பார்த்தாள். "நீங்கதான் சலிச்சீங்களா?"

டாண்டலம் எவ்வளவு என்று கேட்டேன். இல்லை என்றாள்.

ஒரு பையை வைத்து ஒரு மலையைத் தீர்மானிக்க முடியாது, ஐயா. அதுவும் தங்கம் கலந்து கெட்டுப்போன பை. என்னை ஒருமுறை அங்கே கூட்டிப்போங்கள். இந்தத் தடவை மோதிரத்தைக் கழற்றி உங்களிடமே தருகிறேன்.