மாமனார் சொன்ன ஒரே குறை

உங்கள் நாற்காலி வசதியாக இருக்கிறது, டாக்டர். என் மாமனார் தன் மருந்துக்கடையில் வருகிறவர்களுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். அதில் உட்கார்ந்தால் இல்லாத முதுகுவலியும் வந்துவிடும். மாத்திரை அங்கேயே கிடைத்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவரை என் மனைவியோடு வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டீர்கள். "அந்த செஸ் கேமை முதல்ல நிறுத்துங்க, அதுதான் அவரைப் போட்டுக் குழப்புது" என்றீர்கள். வேறு என்ன சொல்லியிருந்தாலும் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். நீங்கள் ஆட்டத்தைக் குறை சொல்லிவிட்டீர்கள். ஆட்டத்தில் ஒரு தவறும் இல்லை. அதை உருவாக்கியவன் நான்.

பலகையில் காய்கள் நிற்கும், ராஜா மட்டும் இருக்க மாட்டார். எந்தக் காயும் தாக்க முடியாத கட்டம் ஒன்றே ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்து அவரை அங்கே உட்காரவைக்க வேண்டும். இலவசம்தான், விளம்பரமும் கிடையாது. யாராவது குறை எழுதினால் அன்றைக்கே உட்கார்ந்து சரிசெய்வேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார் ஒருவர், பெரிதாக்கினேன். குதிரையைப் பார்த்தால் கழுதை மாதிரி இருக்கிறது என்றார் இன்னொருவர். மனசு கஷ்டப்பட்டாலும் வேறு வரைந்தேன்.

மாமனாருக்கு டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகிய கண். உங்களைச் சொல்லவில்லை. எந்தப் புதிரையும் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டு போனை என் பக்கம் தள்ளுவார்.

"ரொம்ப ஈஸியா இருக்கே மாப்ள. சின்னப் பிள்ளைங்களுக்குப் பண்ணீங்களா?"

வீடே சிரிக்கும். என் மனைவி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது? மண்டையை உடைத்துக்கொண்டு கஷ்டமான புதிர்களாகச் செய்தேன். அவற்றையும் ஊதித் தள்ளினார்.

அவர் சொன்னதும் ஒரு குறைதானே. அதையும் சரிசெய்தேன்.

அவர் போனுக்கு மட்டும் தனியாக ஒரு அப்டேட் போட்டேன். அவர் யோசித்தபடி டீயைக் குடிக்கும்போது திரை அணைந்துவிடும். மறுபடி தொட்டால் மந்திரி ஒரு கட்டம் தள்ளி நிற்பார். மந்திரி குறுக்கே பாய்கிறவர் இல்லையா, அந்த ஒரு கட்டமே போதும். ராஜாவுக்கென்று இவர் பார்த்துவைத்த இடம் பறிபோய், வேறோர் இடம் பத்திரமாகிவிடும். அதற்காக ஒவ்வொரு புதிரையும் இரண்டு விதமாகச் செய்தேன். விடையே இல்லாத புதிரை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. அது அநியாயம்.

"இப்பதானே இது இங்க இருந்துச்சு?" என்றார் முதல் நாள்.

"எது மாமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அது அங்கயேதாம்ப்பா இருக்கு. கண்ணாடிய மாத்துங்க."

மாற்றினார். புதுக் கண்ணாடியிலும் மந்திரி நகர்ந்தார்.

அப்புறம் கடையில், மாத்திரை வாங்கிப் போனவர்களைத் தெருவரை துரத்திப் போய் மறுபடி வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார். ஒருமுறைகூட அவர் தப்பாகக் கொடுத்ததில்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மத்தியானம் அந்த ஸ்டூலில் அவரே உட்கார்ந்து மகளிடம் சொன்னார்: "என் கண்ணு பாத்தத என் மனசு நம்ப மாட்டேங்குதும்மா. யாருக்காவது எதையாவது மாத்திக் குடுத்துட்டா?" அன்றைக்கு இறக்கிய ஷட்டர்தான், அப்புறம் திறக்கவில்லை. என் மனைவி அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

அவர் வாயால் 'முடியல' என்று ஒருதரம் சொன்னால் போதும், உடனே பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். கடை மூடிய வாரமே சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "நீங்க பெரிய மூளைக்காரர் மாப்ள. நான்தான் புரிஞ்சுக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருதரம்தான். அன்றைக்குப் போய் மாற்றினால் நன்றாகவா இருக்கும்?

இப்போது போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்திலேயே வந்து உட்காருகிறார். நான் காட்டுகிற கட்டத்தில் ராஜாவை வைக்கிறார். இவ்வளவு ஒற்றுமையான மாமனார் மருமகனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். போன தடவை நீங்கள் எழுதிய மாத்திரையின் பெயரைப் படித்ததுமே, அது ஞாபகமறதிக்கு என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, "சரிதானே மாப்ள?" என்று என்னைக் கேட்டார்.

எனவே ஆட்டத்தின்மேல் பழி போடாதீர்கள். நேற்றுகூட எல்லோரும் சொன்ன குறைகளை சரிசெய்து அப்டேட் போட்டேன். மாமாவை விட்டுவிடவில்லை. அவரிடமும் போய், "ஏதாவது மாத்தணுமா மாமா?" என்று கேட்டேன்.

"கேம்ல ஒண்ணும் இல்ல மாப்ள" என்றார், தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி.

அவரே குறை சொல்லாதபோது நான் எதைச் சரிசெய்வது, டாக்டர்?