காப்புப் பாடாத படம்

— சிரிக்கலையேக்கா! என் படத்துக்கு நேத்தும் ஒருத்தர்கூடச் சிரிக்கல!

— மெல்லப் பேசுலே மூக்கையா. கொட்டகைக்குள்ள படத்துக்குப் பணம் போட்ட உங்க மொதலாளி உக்காந்திருக்காரு.

— பேய்ப்படங்களைக் கேலி பண்ணித்தானக்கா எடுத்தேன்? கொலுசைத் தொலைச்ச பேயி, கதாநாயகன்கிட்டயே டார்ச்லைட்டை வாங்கித் தேடுது. இதுக்கு யாராச்சும் பயப்படுவாகளா?

— மாசிக் களரித் திருவிழாவுல இதையே நீ நாடகமாப் போட்டப்ப எனக்கு விலாவே நோவெடுத்துப் போச்சு.

— அதே கதை, அதே சனம். இப்ப வாயே தொறக்க மாட்டேங்குது. மெட்ராஸ் பத்திரிகைக்காரன் ஒருத்தன் நம்ம ஊருக்கு வந்து பாத்துட்டு, ‘உச்சிப்புளி உறைந்துபோனது, குலைநடுங்க வைக்கும் பேய்ப்படம்’னு எழுதிட்டான்.

— நல்லதாத்தானலே எழுதிருக்கான்?

— இன்னொருத்தன், ‘பேயைக் கண்டால் சிரிப்பு வருகிறது, இயக்குநருக்குப் பயமுறுத்தத் தெரியவில்லை’ன்னு வஞ்சிருக்கான். நான் என்ன படந்தான் எடுத்தேன்? எனக்கே புரியலக்கா.

— மொதலாளி என்ன சொல்றாரு?

— சனம் பயப்படுறதைக் கண்ணால பாக்கத்தான் வந்திருக்காரு. பாத்துட்டா அடுத்த பேய்ப்படமும் எனக்குத்தானாம். அது கெடக்கட்டும், நீ ஏன் சிரிக்கல? நீயுமா பயந்துட்ட?

— பயமா? நீ காப்புப் பாடலையேலே.

— என்னது?

— நாடகத்துல மொதல்ல காப்புப் பாட்டுப் பாடி, சாமியைக் காவலுக்குக் கூப்புடுவோம்ல? பெறகு பேயை எம்புட்டு வேணும்னாலும் கேலி பண்ணலாம். நீ எடுத்தவொடனே பேயைக் கொண்டாந்து நிறுத்திட்ட. காப்பு இல்லாமச் சிரிச்சா வீட்டுக்கே கூட வந்துராதா? புள்ளைக வாயையெல்லாம் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தோம்.

— இழுவையா இருக்குன்னு மெட்ராஸ்ல அந்தப் பாட்டை வெட்டிட்டாகக்கா... அப்ப உறைஞ்சு போனது?

— சிரிப்பை அடக்குனதுதாம்லே! பக்கத்து வீட்டு உமையாள் முந்தானையைக் கடிச்சே கிழிச்சுப்புட்டா.

— இப்பப் பாடுனாச் சிரிப்பாகளா?

— கூரை பிச்சுக்கிட்டுப் போகும். உன் அடுத்த படமும் கூடவே போயிரும். பேசாம இரு, நாங்க இன்னைக்கும் அடக்கிக்கிறோம். உனக்காக எங்களால முடியும்லே. மணி அடிச்சுட்டான், வா.

— அக்கா.

— என்னலே, உக்கார வராமத் திரைப் பக்கமாப் போற?

— காப்புப் பாட்டுல மொத அடி மறந்துபோச்சுக்கா. எடுத்துக் குடு.