மூச்சு முட்டினால் முட்டுகிறது என்று சொல்லுங்கள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நெஞ்சக மருத்துவர் அம்மையார் அவர்களே, இளைப்போடு படியேறி வந்திருக்கும் பெரியோர்களே, அவர்கள் மூச்சின் மேல் ஒரு காதை வைத்தபடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

புது மருந்துச் சோதனையில் சேர வந்திருக்கும் உங்கள் முன் பேச எனக்குத் தகுதி உண்டா? தெரியவில்லை. கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? சரி, ஒலிபெருக்கியின் கிட்டே வருகிறேன்.

என் மனைவிக்குக் கடுமையான ஆஸ்துமா. போன மழைக்காலத்தில் அது முற்றி, இதே மருத்துவமனையில் சேர்த்தோம். புது ஊசியா, வழக்கமான மாத்திரையா, எது நல்லது என்று பார்க்கும் சோதனையில் அவளும் சேர்ந்தாள். எல்லாருக்கும் இரண்டும் உண்டு; ஆனால் ஒன்று வெறும் போலி. எது போலி என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

மறுநாள் காலை, வார்டைப் பார்த்துக்கொள்ளும் இளம் டாக்டரம்மா வந்தார். "எப்படிம்மா இருக்கு?"

"ஜம்முனு இருக்கேன் கண்ணு!"

ஜம்மென்றா இருந்தாள்? தோள் ஏறுகிறது, தொண்டைக்குழி உள்ளே இழுக்கிறது! டாக்டரம்மா நகர்ந்ததும், "ஏன் பொய் சொன்னே?" என்றேன்.

"பாவங்க அந்தப் பொண்ணு... சோறு தண்ணி இல்லாம ஓடுது. மருந்து கேக்கலேன்னா... முகம் வாடிடாதா? நீங்க வாயத் தொறக்காதீங்க. உங்களுக்குத்தான் அது... நல்லா வருமே!"

சிரிக்கிறீர்கள். உண்மைதான், நான் வாய் திறக்காதவன். அன்று எழுந்து போய், "டாக்டரம்மா, அவ சும்மா சொல்றா" என்றேன்.

ஓடி வந்தார். கோபித்தாரா? இல்லை. கடிந்தாரா? இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, கருவி கொஞ்சம்தான் சொல்லும். நெஞ்சு அடைக்குறதை நீங்கதான் சொல்லணும். எனக்காக மறைச்சா உங்க வைத்தியம் தள்ளிப்போகும். கேக்காத மருந்தைக் கேக்குதுன்னு நம்பி, நாளைக்கு இன்னொரு அம்மாவுக்கும் குடுத்துடுவேனே!"

என் மனைவி அவரையே பார்த்தாள். "முடியலம்மா" என்றாள். "காத்து... உள்ள போகவே மாட்டேங்குது."

சொன்னாள், உடனே கூடுதல் மருந்து வந்தது, ஆக்சிஜன் முகமூடி வந்தது, மெல்ல மெல்ல மூச்சும் வந்தது!

அவளுக்குப் போனது எந்த மருந்து? இன்றுவரை தெரியாது. ஊசி தோற்றிருக்கலாம், மாத்திரை தோற்றிருக்கலாம். அவள் சொன்ன உண்மை தோற்கவில்லை.

ஆகவே கைகூப்பிக் கேட்கிறேன். பாசத்துக்காகப் பொய் சொல்லாதீர்கள், பயத்துக்காகவும் சொல்லாதீர்கள். மூச்சு முட்டினால் முட்டுகிறது என்று சொல்லுங்கள். அது உங்கள் உயிருக்குக் காவல். முகம் தெரியாத ஒருவர் மூச்சுக்கும் காவல்!

அதோ, முன்வரிசையில் அவள் கையை ஆட்டுகிறாள். "போதும், உக்காருங்க, மத்தவங்களும் பேச வேண்டாமா?" என்று மூச்சுக்காக நடுவில் எங்கும் நிறுத்தாமல் திட்டுகிறாள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

பொறுமையோடு கேட்ட அத்தனை நெஞ்சங்களுக்கும் நன்றி. அவள் சொல்படி உட்காருகிறேன். வணக்கம்.