லுவானுக்கு ஒரு கம்பளிச் சட்டை

– அது இல்லம்மா வால்போனா, கப்பல்னா ராத்திரி பூரா போகணும். தியோனுக்கு ரெண்டு வயசு. வாந்தி எடுத்தே சுருண்டுடுவான்.

– அஸ்த்ரித், இதே வாயாலதான் போன வாரம் விமானம் வேணாம், புள்ளைக்குக் காது அடைக்கும்னே. அதுக்கு முந்தின வாரம் இத்தாலில வெயில் கொளுத்தும்னே. நம்ம துர்ரெஸ்ல மட்டும் என்ன, பனியா பெய்யுது?

– அது இல்லம்மா...

– சரி, கேளு. நாலு படுக்கை இருக்கற அறை. இங்க கப்பல்ல ஏறிப் படுத்தா, புள்ளைங்க கண்ணு முழிக்கும்போது இத்தாலில பாரித் துறைமுகம். நம்ம காரும் கூடவே கப்பல்ல வருது. தள்ளுவண்டி, டயப்பர், எராவோட நீச்சல் வளையம் எல்லாத்தையும் பின்னாடி போட்டுக்கலாம். ரெண்டு நாள் கடற்கரை, ஒரு நாள் புள்ளைங்களுக்குச் சிங்கம் காட்டற இடம். அவ்வளவுதான்.

– வர்ற வருஷம் பாத்துக்கலாமே. டயர் கடைல இப்பத்தான் வியாபாரம். ஜூலைலதான் ஜெர்மனில இருந்து லீவுக்கு வர்றவன் எல்லாம் வண்டியைக் கொண்டாந்து நிப்பாட்டறான்.

– கல்யாணமாகி எட்டு வருஷமா அந்த வர்ற வருஷத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அஞ்சு வயசு எரா கடல்ல வாத்து மாதிரி மிதக்கறா. அவ அப்பன் முழங்காலுக்கு மேல தண்ணி வந்தா கரைக்கு ஓடறான்.

– எனக்குத் தண்ணி ஒத்துக்காது. உனக்குத் தெரியும்ல.

– நல்லாத் தெரியும். அதான் உன்னைக் கேக்காம வியாழக்கிழமை கப்பலுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்.

– என்ன சொன்ன?

– டிக்கெட் எடுத்துட்டேன்னேன். அத்தைகிட்டயும் சொல்லியாச்சு.

– எங்கம்மாகிட்டயா? என்னன்னு சொன்ன?

– லுவானைப் பாக்கப் போறோம்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்றது? உன் கூடப் பொறந்த தம்பி. இருபத்தஞ்சு வருஷமா பாரில உக்காந்துக்கிட்டு வருஷத்துக்கு ரெண்டு வாழ்த்து அட்டை போடறான். புது வருஷத்துக்கு ஒண்ணு, அத்தை பொறந்த நாளுக்கு ஒண்ணு. அண்ணன் கல்யாணத்துக்கு வரல. புள்ளைங்க முகத்தைப் பாத்ததில்ல. ஒரு போன் கிடையாது. அவனை நேர்ல நிக்க வெச்சு நாலு வார்த்தை கேக்கணும்னு எனக்கு நாக்கு அரிக்குது.

– யாரைக் கேட்டு அம்மாகிட்ட வாயைத் திறந்த?

– இதுக்கு ஏன் உனக்கு முகம் வெளிறுது? அவங்க என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் போய் ஊசியையும் கம்பளி நூலையும் எடுத்துட்டு வந்து உக்காந்துட்டாங்க. நாலு நாளா பின்னிக்கிட்டே இருக்காங்க, லுவானுக்குச் சட்டை. ஜூலை மாசத்துல கம்பளிச் சட்டை.

– கடவுளே.

– அதுவும் எத்தனூண்டு சட்டைங்கற? எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "அத்தை, உங்க புள்ளைக்கு இப்ப நாப்பது வயசு. தொப்பை விழுந்திருக்கும். இது அவர் கழுத்துலயே மாட்டிக்கும்"னேன். "அவன் அளவு எனக்குத் தெரியும் அம்மாடி"ன்னாங்க. பாவம், கண்ணு மங்கிப் போச்சு.

– டிக்கெட்டை ரத்து பண்ணு.

– மாட்டேன்.

– கெஞ்சிக் கேக்கறேன். வேணும்னா கிரீஸ் போலாம். நேரா கார்லயே போயிடலாம். புள்ளைங்களுக்கு அங்கயும் கடல் இருக்கு, மணல் இருக்கு.

– கிரீஸ்ல உன் தம்பி இருக்கானா? சரி, கேளு. நீயா சொல்லுவேன்னு ரெண்டு நாளா பொறுத்துப் பாத்துட்டேன். நான் பெத்ரித்துக்குப் போன் பண்ணினேன்.

– லாரி பெத்ரித்துக்கா?

– உன் சிநேகிதன்தானே. வாரா வாரம் பாரிக்கு லாரி ஓட்டற மனுஷன், லுவான் விலாசம் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். லுவான்னு பேரைச் சொன்னதும் அந்தாளுக்கு இருமல் வந்துடுச்சு. "அஸ்த்ரித்தைக் கேளும்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு போனை வெச்சிட்டார்.

– அவன் எப்பவும் அப்படித்தான். அரைகுறையாப் பேசுவான்.

– அப்படியா? இதைப் பாரு. ஊருக்கு என்னென்ன எடுக்கணும்னு எரா நச்சரிச்சு நேத்து நீ எழுதின லிஸ்ட். எரா எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும்னு பெரிய பெரிய எழுத்துல எழுதிக் குடுத்தியே. தொப்பி, பல் பிரஷ், தியோனோட கரடி. இந்தப் பக்கம் இருக்கறது உன் தம்பி போட்ட அட்டைங்க. அத்தை அலமாரில இருந்து எடுத்தேன். ஒவ்வொரு வரி முடிவுலயும் பேனாவை அழுத்தி ரெண்டு புள்ளி. லிஸ்ட்லயும் ரெண்டு புள்ளி, அட்டைலயும் ரெண்டு புள்ளி. எழுத்தும் ஒண்ணுதான். குருடி கூடச் சொல்லிடுவா.

– எல்லா அட்டையையும் எடுத்துட்டியா?

– எல்லாத்தையும். ஒண்ணு விடாம நீ எழுதினது.

– மெதுவாப் பேசு. அம்மா வந்துடப் போறாங்க.

– புள்ளைங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரக் கடற்கரைக்குப் போயிருக்காங்க. இப்ப வரமாட்டாங்க. சொல்லு அஸ்த்ரித். லுவான் அங்க ஜெயில்ல இருக்கானா?

– இல்ல.

– குடும்பமே வேணாம்னு போயிட்டானா?

– இல்ல.

– அப்ப எங்கதான் இருக்கான்?

– லுவான் இல்ல வால்போனா. அவன் கரைக்கே போய்ச் சேரல.

– நீ என்ன பேசறே?

– நம்ம விலோரா கரைல இருந்து இத்தாலிக்குத் திருட்டுத்தனமா ஒரு ரப்பர் படகு. படகுக்காரன் முப்பது பேரை ஏத்தினான். எனக்குப் பதினெட்டு, அவனுக்குப் பதினஞ்சு. வரவே மாட்டேன்னான். நாந்தான் பாட்டாப் பாடி இழுத்துட்டுப் போனேன், இத்தாலில மோட்டார் சைக்கிள் வாங்கித் தரேன்னு. நடுக்கடல்ல போலீஸ் படகு வெளிச்சம் அடிச்சுது. படகுக்காரன் எல்லாரையும் குதிங்கன்னான். பாரம் கொறைஞ்சாத்தான் அவன் தப்பிக்க முடியும். குதிக்காதவனைத் தள்ளி விட்டான்.

– ஐயோ.

– நான் லுவானைப் பிடிச்சுக்கிட்டுதான் விழுந்தேன். அவன் சட்டையை விடவே இல்ல. சத்தியமா விடல. போலீஸ்காரங்க என்னை அவங்க படகுல தூக்கிப் போட்டப்பவும் என் கையில அவன் சட்டைக் கை இருந்துச்சு. தோள்பட்டைல தையல் விட்டுப் போன கம்பளிக் கை. வெறும் கை மட்டும்.

– அஸ்த்ரித், இங்க வா. உக்காரு. தண்ணி குடி.

– மூணாம் நாள் திருப்பி அனுப்பிட்டாங்க. அம்மா வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தாங்க. "லுவான் எங்கடா"ன்னாங்க. "அவன் கரை ஏறிட்டாம்மா, நாந்தான் மாட்டிக்கிட்டேன்"னு வாய் சொல்லிடுச்சு. மறுநாள் உண்மையைச் சொல்லிடலாம்னு நெனச்சேன். மறுநாள் அம்மா அவனுக்காக மெழுகுவத்தி ஏத்தி நன்றி சொல்லிக்கிட்டிருந்தாங்க. எப்படிச் சொல்றது? அப்புறம் அட்டை. ஒரு அட்டை போட்டா அடுத்ததும் போட்டுத்தானே ஆகணும். நான் எழுதிக் குடுப்பேன், பெத்ரித் அங்க போய் தபால்ல போடுவான்.

– எட்டு வருஷம் என் பக்கத்துல படுத்து எந்திரிச்சிருக்கே. என்கிட்ட கூடச் சொல்லத் தோணல. போன புது வருஷத்துல அட்டையைப் படிச்சுக் காட்டி, சித்தப்பா முத்தம் அனுப்பியிருக்கார்னு எராகிட்ட சொன்னியே.

– திட்டு. என்ன வேணா சொல்லு. அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்ச அன்னிக்கே அவங்க உயிர் போயிடும். அந்த அட்டைங்கதான் அவங்களை நடமாட வெச்சிருக்கு.

– இத்தனை வருஷத்துல அவன் போன் நம்பரைக் கூடவா கேக்கல?

– ஒரு தடவை கூடக் கேக்கல. கேட்டா என்ன சொல்றதுன்னு ராவெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன். என் நல்ல நேரம், கேக்கவே இல்ல.

– இப்ப அவங்ககிட்ட என்னத்தைச் சொல்றது? வேலை மாறி அமெரிக்கா போயிட்டான்னு சொல்லலாமா? அங்கயெல்லாம் போய்ப் பாத்துட்டு வாங்கன்னு கேக்க மாட்டாங்க. சட்டையைத் தபால்ல அனுப்பிட்டோம்னு...

– நீயும் ஆரம்பிச்சுட்டியா வால்போனா? நானும் இப்படித்தான் ஆரம்பிச்சேன்.

– பேசாதே. மாடிப்படில தியோன் சத்தம். அட்டையெல்லாம் எடு, சீக்கிரம் எடு.

– அம்மாடி, இந்தா, தியோனைப் பிடி. முழங்கை வரைக்கும் ஐஸ்கிரீம் வழிய விட்டிருக்கான். எரா, நீ போய்க் கை கழுவு கண்ணு. என்ன அஸ்த்ரித், மேஜைக்கு அடியில என்ன தேடறே? அட்டைங்களா? அங்கயே வை, நான் அடுக்கிக்கறேன்.

– அத்தை, அது வந்து, பாரில அவர் இருக்கற இடத்தைப் பாக்கலாம்னுதான் எடுத்தேன்.

– சரிடி அம்மாடி. சட்டையை முடிச்சுட்டேன். இந்தா, பொத்தான் கூட வெச்சாச்சு. இதை நீயே உன் கைப்பையில வெச்சுக்க. கார்ல பின்னாடி போட்டுடாதே, அப்புறம் கப்பல்ல கீழ இறங்கிப் போய் எடுக்க விடமாட்டாங்க.

– கப்பல்லயே எதுக்கு அத்தை? பாரி போய் இறங்கினதும் குடுத்துக்கலாமே.

– பாரி வரைக்கும் கொண்டு போக வேணாம். நடுக்கடல் வந்ததும் மேல்தட்டுக்கு வந்து தண்ணில விட்டுடு. இவனைக் கூப்பிடாதே, தூங்கட்டும். இவன் அந்தத் தண்ணியை நல்லாவே பாத்துட்டான்.

– அம்மா...

– அழாதேடா, புள்ள பயப்படறான் பாரு.

– அம்மா, உனக்கு எப்ப...

– சட்டை சின்னதுன்னு சிரிச்சாளே உன் பொண்டாட்டி, அளவு கொஞ்சம் கூடத் தப்பாது. நீ திரும்பி வந்த அன்னிக்கு உன் ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்தேனே, அதோட பையில இருந்த அந்தக் கம்பளிச் சட்டைக் கையை வெச்சுத்தான் பின்னினேன்.