மச்சான் வீட்டு டைல்ஸ்

...அதான் தம்பி, சொன்னா எவன் கேக்கறான்? நான் புள்ளிவிவர ஆபீஸ்ல இருக்கேன். ஒரே ஒரு அளவு எக்கச்சக்கமா வந்துட்டா போதும், மேலதிகாரி அதத் தப்புன்னு அழிச்சிடுவாரு. அந்த ஒண்ணுலதான்யா விஷயமே இருக்குன்னு கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போனதுதான் மிச்சம். நீங்க இந்த மூலையிலேருந்து டைல்ஸ ஒடைங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன்.

மனுஷன் உசரம்னா சரி, சராசரி போடலாம். எவனும் மாடி உசரம் வளர மாட்டான். தண்ணிக் கசிவு அப்படியா? மாசம் பூரா சொட்டும், ஒரு நாளைக்குக் கொட்டித் தீத்துடும். வால் கனம்னு சொல்லுவோம் இத... அபூர்வமா வர்ற பெருசுதான் மொத்தத்தையும் ஆட்டிவைக்கும். அங்க சராசரிய வச்சுகிட்டு நாக்கு வழிக்கவா?

கீழ எங்க வீட்டு ஹால் செவுரு ஊறிப்போயி பெயிண்டெல்லாம் உரிஞ்சு கெடக்கு. சரின்னு எங்க வீடு, மேல இந்த மச்சான் வீடு, குழா போற எடமெல்லாம் வாளி வச்சேன். அப்புறம் பேப்பர்ல படம் போட்டேன், வாளி வச்ச எடத்துக்கு ஒரு வட்டம், தண்ணி போற வழிக்கு ஒரு கோடு. நடு வட்டத்தோட அளவு தெரிஞ்சிட்டா போதும், அதத் தாண்டி இருக்கறதத் தனியா விசாரிக்கவே வேணாம். மச்சானுக்கும் எனக்கும் நடுவுல என் பொண்டாட்டி மாதிரி. அவ மூஞ்சியப் பாத்தாலே அவரு கோவம் தெரிஞ்சிடும்.

கணக்குல பளிச்சுனு வந்துச்சு, இந்த பாத்ரூம்தான். மனுஷன் குதிச்சாரு. ஆசையாப் போட்ட புது டைல்ஸாம். 'ஒடச்சுப் பாருங்க, ஈரம் இல்லேன்னா தங்கச்சி வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்'னுட்டாரு. அவ நேத்துலேருந்து ஒரே அழுகை. கூடப்பொறந்தவரு அவரு ஒருத்தர்தான்... எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு தம்பி.

என்ன, காஞ்சு கெடக்கா? பக்கத்துல ஒடைங்க. ...அதுவுமா?

எங்க வீட்டு பாத்ரூமா? ஆமா, ஊறுன ஹால் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான். அங்க வாஷிங் மெஷின் குழாய்க்குக் கீழயும் வாளி வச்சேனே. எப்பப் பாத்தாலும் காலி. ஒரு நாள் மட்டும், இவ போர்வையெல்லாம் போட்டுத் தொவச்சா, அன்னிக்கு ரொம்பி வழிஞ்சுது. மத்ததோட ஒட்டவே இல்ல. தப்பா அளந்துட்டேன்னு அத மட்டும் அழிச்சி...

ஏன் தம்பி சுத்தியலப் பையில போடறீங்க?

மச்சான்... நீங்க எப்ப வந்து நின்னீங்க?