நுரை அடங்கட்டும்

"வச்சிருங்க மாப்ள, வச்சிருங்க! தூக்காதீங்க. நீங்கதானே சொன்னீங்க, நுரை அடங்குன பெறகுதான் குடிக்கணும்னு? இன்னும் அடங்கல, பாருங்க.

என்னா ஸ்டவுட்டு பீருங்க இது… நம்ம ஊரு ஸ்டவுட்டுன்னா மூடியத் தொறந்தமா, ஒரு முட்டைய அடிச்சு ஊத்துனமா, போனமா. இதுக்கு இம்புட்டு மரியாத! டின்னுக்குள்ள வேற என்னமோ கெடந்து உருளுது. நுரை வர்றதுக்குப் பந்தாம்! அயர்லாந்துல இருந்து தூக்கிட்டு வந்ததே ரெண்டு டின்னு. அதுலயும் பந்தப் போட்டு எடத்த அடைச்சிருக்கான்.

வேன்கார ரிஃகான் ஹார்ன் அடிக்கிறாரா? அடிக்கட்டும். ஏர்போட்டு எங்கயும் ஓடிறாது. நம்ம புள்ள கிருஷாந்தி இன்னும் பேக்கக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கா. எம்புட்டு தேயிலத்தூள அமுக்குறா பாருங்க, அந்த ஊருல தேத்தண்ணியே இல்லாத மாதிரி… நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?

அங்க கிளாசத் தூக்குறப்ப என்னமோ சொல்வாங்கன்னீங்களே… ஸ்லான்ச்சாவா? தும்முன மாதிரில்ல இருக்கு! அதச் சொல்லிக் குடிச்சிட்டா, புள்ளய அனுப்புறேன்னு நானே வாக்குக் குடுத்த மாதிரி. நம்ம பக்கம் பரிசத்துல ரெண்டு வீட்டு ஆம்பளயும் ஒண்ணா குடிச்சா பேச்சு முடிஞ்சிருச்சுன்னு அர்த்தங்க. அதான்… நுரை அடங்கட்டும்.

என்னா சிரிக்கிறீங்க? ஒங்க மேல கோவமில்ல மாப்ள. அந்த ரோதமுனி மேலதான். தேயில பெக்டரி மெஷினுக்குக் காவல் நிக்கிற சாமி, அது வேலைய அது பாக்க வேணாம்? கல்யாணம் முடிச்சும் நீங்க அங்க, இவ இங்க. புள்ள போன வச்சிக்கிட்டு அழுவுறா. பாக்க முடியாம நாந்தான் ஒரு போத்தல் ஸ்டவுட்ட முனிக்கு முன்னுக்கு வச்சு, 'சாமி, ரெண்டு பேரையும் ஒரே எடத்துல சேத்து வையி'ன்னேன். நீங்க வேலைய விட்டுட்டு இங்க கொட்டகலைக்கே வந்துருவீங்கன்னு நெனப்பு… எந்த எடம்னு நான் சொல்லல. அதுவும் கேக்கல. இவளுக்கு விசாவக் குடுத்திருச்சு!

அடங்கிருச்சா? அடங்கிருச்சுபோல…

இருங்க, ரெண்டு சொட்டு முனிக்குத் தெளிச்சிக்கிறேன். கோவம்னாலும் அது பங்கு அதுக்கு. ம்… தூக்குங்க மாப்ள. ஸ்லான்ச்சா!"

சோலைமலை முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தார். பெட்டிகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது, வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்த மகளின் பழைய செருப்பை எடுத்து உள்ளே வைத்தார்.