அண்ணனுக்கு வாங்கிய பிரேக்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பதினைந்து இருக்கின்றன. யார் மிக்ஸி வாங்குவதானாலும், தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் வாங்குவதானாலும், முதலில் என்னைத்தான் கேட்பார்கள். நாலு இடத்தில் படித்து, ஏற்கனவே வாங்கியவர்கள் என்னென்ன திட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, கடைசியில் இதுதான் என்று ஒன்றைச் சொல்வேன். நான் சொல்லி வாங்கிய எதுவும் ஏமாற்றியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கிரி அண்ணனின் காருக்கு நான் வாங்கிக் கொடுத்த பிரேக்கும் நல்ல பிரேக்தான். மௌலா அலி இறக்கத்தில் நடந்த விபத்தை மழை, வேகம் என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அது சரியில்லை என்று சொல்லத்தான் நானாக வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர் என்பது எனக்கு ஒரு சௌகரியம். இதையெல்லாம் தெலுங்கில் சொல்ல எனக்கு வராது.

காலையில் நீங்கள் கேட்டீர்கள்: "வண்டி ஓட்டுனவரே தப்பு என்னுதுதான்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. உங்க மேல கம்ப்ளெயிண்ட் நக்கோன்னு சொல்றாரு. நீங்க ஏன் ஃபெலிக்ஸ் சார் உள்ள போறேன்னு நிக்குறீங்க?"

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

கிரி அண்ணன் கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் சீனியர். கோயம்புத்தூர்க்காரர். நான் தூத்துக்குடி. அப்பா இறந்து, வேலையும் கிடைக்காமல் நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது ஹைதராபாத்துக்குக் கூப்பிட்டு, தன் கம்பெனியிலேயே, தன் குழுவிலேயே சேர்த்துவிட்டார். தன் வீட்டுக்கு எதிர் வீட்டையே எனக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார். என் அம்மாவின் கண் ஆபரேஷனுக்குக் கூடவே வந்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது வந்து அவர் ஏதோ கொடுமை செய்தார் என்று கதை கட்டக் கூடாது.

என் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. தட்டாமல் வருவார். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்து, "என்றா இது, பழைய கொழம்பு? சுமதி, இவனுக்கும் சேத்து ஒல வையி" என்று எதிர் வீட்டைப் பார்த்துக் கத்துவார். என் சட்டை அவர் எடுத்துக் கொடுத்தது. என் முடி அவர் காட்டிய கடையில் வெட்டியது. யாரிடம் அறிமுகம் செய்தாலும் தோளில் கையைப் போட்டு, "இவன் என்ற தம்பிங்க" என்பார். அந்தக் கை கனமானது. எடுக்கவும் மாட்டார்.

எங்கள் அலுவலகத்தில் ஷோபா என்று ஒரு பெண் இருந்தாள். அவளும் நானும் பேசிப் பழகி, கல்யாணம் வரைக்கும் யோசித்திருந்தோம். கிரி அண்ணன் என்னிடம் சொல்லாமல் அவளைக் காபிக்கு அழைத்துப்போய், கல்யாணத்துக்குப் பிறகும் நான் எதிர் வீட்டில்தான் இருப்பேன், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடுதான் காரில் போவேன், இதற்கெல்லாம் அவளுக்குச் சம்மதமா என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். அவள் புத்திசாலி. ஒதுங்கிக்கொண்டாள். அப்புறம் எனக்குக் கொச்சியில் ஒரு வேலை கிடைத்தது. நான் வாய் திறப்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. அங்கே மேனேஜராக இருந்தவர் அவருடைய நண்பர். ஒரே போனில் அந்த வேலையை இல்லாமல் செய்துவிட்டு, எனக்கு இங்கேயே பதவி உயர்வு வாங்கிக் கொடுத்தார். "நீ போயிட்டா எனக்கு யார்றா இருக்கா?" என்று கேட்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் நான் என்றைக்கோ தப்பித்திருப்பேன்.

இந்த ஊருக்கு வந்து நான் சரளமாகக் கற்றுக்கொண்ட உள்ளூர் வார்த்தை, வேண்டாம் என்பதற்குச் சொல்லும் நக்கோ ஒன்றுதான். ஆட்டோக்காரரிடம் சொல்வேன், பழக்காரரிடம் சொல்வேன். கிரி அண்ணனிடம் மட்டும் அதை எந்த மொழியிலும் என்னால் சொல்ல முடிந்ததில்லை.

இனி காருக்கு வருகிறேன். கறுப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டாம் கையாக வாங்கியது. பின்னால் பெயருக்குத்தான் சீட். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்றால், "சாமி எங்கயும் ஓடிறாதுடா, சாயங்காலம் போ" என்பார். எங்கள் குடியிருப்பிலிருந்து பெரிய சாலைக்கு ஒரு நீள இறக்கம். அதில் அவர் வேகத்தைக் குறைக்க மாட்டார். கீழே, நாச்சாரம் தொழிற்சாலைகளுக்குப் போகும் லாரிகள் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும் முனைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரே மிதியாக மிதித்து நிறுத்துவார். எந்த இடத்தில் மிதிப்பார் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்து, "பயந்துட்டியா?" என்று சிரிப்பார். அந்த வேளையில் அவர் மிகவும் சந்தோஷமாக இருப்பார்.

ஜூன் மாதத்தில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. நாச்சாரத்தில் ஷெட் வைத்திருக்கும் அப்துல் காதர் பாய் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, டிஸ்க் கோணிவிட்டது, டிஸ்கும் பேடும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார். கிரி அண்ணன் வழக்கம்போல என்னிடம் தள்ளிவிட்டார். "எது நல்லதுன்னு உனக்குப் படுதோ அதையே வாங்குடா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." சுமதி அண்ணி மட்டும் சமையலறையிலிருந்து, "பாப்பா ஏறுற வண்டிங்க தம்பி, பாத்து வாங்குங்க" என்றார்.

நான் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு வாரம் படித்தேன். கம்பெனி போட்டுத் தந்த அதே ரகம் ஒன்று இருந்தது. சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். அதற்கு மேலே, சாலையில் வேகமாகப் போகிறவர்களுக்கென்று ஒரு ரகம். பந்தயத் திடலில் ஓட்டுகிறவர்களுக்கென்று மூன்றாவது ஒன்று. நம்மூர்க் கார் பிரியர்கள் எல்லோரும் அந்த மூன்றாவதைத்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். பந்தயத்துக்கு ஆவது சாலைக்கு இன்னும் நன்றாகத்தானே இருக்கும் என்று ஒரு நினைப்பு. அது தப்பு. அந்தப் பேட் நன்றாகச் சூடேறிய பிறகுதான் பிடிக்கும். ஆறின வண்டியில் காலையில் முதல் மிதிக்கு அது வழுக்கும். மழையில் நனைந்திருந்தால் இன்னும் வழுக்கும். புது டிஸ்கில் புதுப் பேட் என்றால், புதுத் தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி, ஆளில்லாத சாலையில் திரும்பத் திரும்ப வேகமெடுத்து, திரும்பத் திரும்பக் குறைத்துப் பழக்க வேண்டும். பழக்காவிட்டால் பாதிப் பிடிப்புக்கூட இருக்காது. இவ்வளவும் படித்துவிட்டு, மூன்றாவதைத்தான் வாங்கினேன்.

வாங்கும்போதே தீர்மானம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் கோபம் இல்லை. ஒரு அறையில் ரொம்ப நாள் இருந்தவன் ஜன்னலைத் தேடுவது போலத்தான். அவர் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பாய் வேலையை முடித்துவிட்டு, "எல்லாமே புதுசு, சார். ஓட்டிப் பழக்கணும். நானே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரட்டா?" என்று கேட்டார்.

"நக்கோ பாய். நான் பாத்துக்குறேன்."

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். வண்டியை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். கிரி அண்ணன் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்து, பளபளப்பான புது டிஸ்கைத் தடவிக் கொடுத்தார். "பழக்கியாச்சாடா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். முதலில் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும், இந்த ரகமே அப்படித்தான், பயப்படாமல் ஓட்டுங்கள் என்றும் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. விடியலிலேயே மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அம்மாவின் பெயரில் பூசை இருக்கிறது, கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா பெயரைச் சொன்னதால் அவர் வற்புறுத்தவில்லை. முகம் மட்டும் சுருங்கியது. அப்பாவின் முகம் சுருங்கியதைப் பார்த்து, சாஹித்யா தான் வருவதாகக் குதித்தாள். ஒன்பது வயது. அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்தவள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை.

அவர் எப்போதும் மிதித்து நிறுத்துகிற அதே முனையில், பிரேக் பிடிக்காமல், அவள் லாரிச் சக்கரத்துக்கு அடியில் இறந்தாள். கிரி அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. இவை உங்களிடம் இருக்கிற விவரங்கள். உங்களிடம் இல்லாததை இப்போது சொல்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் கிரி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுமென்றே அந்தப் பேடை வாங்கினேன், பழக்கவில்லை, பொய் சொன்னேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் அழுதார். என் கையைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். "பித்துப் புடிச்சவனாட்டம் பேசாதடா. பாப்பா மேல உனக்கிருந்த பாசத்துல ஏதேதோ ஒளறுற. வேகமாப் போனது நானு. இனிமே எனக்குப் புள்ளையும் நீதாண்டா" என்றார். பக்கத்தில் நின்ற சுமதி அண்ணி என் தலையைத் தடவினார். இப்போது அவரைக் குளிப்பாட்டுவது நான். சக்கர நாற்காலியைத் தள்ளுவது நான். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் கதவைச் சாத்துவதே இல்லை. இப்போதும் அவர் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்று உங்கள் கான்ஸ்டபிள் வந்து சொன்னதை நானும் கேட்டேன்.

அவரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அன்று காலை சாஹித்யா காரில் ஏறியபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "அங்கிள், மீரு ராரா?" என்று கேட்டாள். நான் வரவில்லையா என்று கேட்கிறாள். தூக்கம் கலையாத கையால் பெல்ட்டை மாட்டத் தெரியாமல் தடுமாறினாள். நான் குனிந்து மாட்டிவிட்டேன். அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது. இறங்கு என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று அவர் கேட்பார். காரணத்தைச் சொல்ல வேண்டி வரும். சொல்லியிருந்தால் கிரி அண்ணன் என்னை மன்னித்திருப்பார், சார். மன்னித்து, தோளில் கையைப் போட்டு, வேறு பேடை மாட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு போக என்னால் முடியாது. பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் கொல்லத் திட்டமிட்டேன். குழந்தையும் போகிறது என்று தெரிந்தே அனுப்பினேன். கையெழுத்துப் போடுகிறேன். பிறகு இதை வெளியே எடுத்துப்போய் அவருக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார். பெல்ட் மாட்டியதை மட்டும் விட்டுவிடாமல் படியுங்கள். அதைக் கேட்ட பிறகாவது அவர் என்னைப் பார்க்க வராமல் இருந்தால், சாஹித்யா போனது வீணாகாது.